அல்வாப் பொட்டலமும் பழைய கேமராவும்

நெல்லை டவுனில் அல்வா வாங்கிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறியவர்களுக்கு இது தெரியும். பையில் வைக்கும்போது பொட்டலத்தின் தாள் காய்ந்துதான் இருக்கும். மதுரை வருவதற்குள் ஒரு சின்னக் கறை. திண்டுக்கல்லில் அது உள்ளங்கை அகலம். தாம்பரத்தில் இறங்கும்போது பக்கத்தில் மடித்து வைத்த சட்டை வரைக்கும் நெய். பொட்டலத்தைப் பிரித்தால் அல்வாவின் ஓரம் கொஞ்சம் இறுகியிருக்கும். நெய் காணாமல் போகவில்லை. இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இருக்கக் கூடாத இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

பீரோவுக்குள் முப்பது வருஷம் கிடந்த ஃபிலிம் கேமராவுக்கு நடந்திருப்பதும் பெரும்பாலும் இதுதான்.

கொஞ்ச காலமாக எங்கள் பக்கத்து இளவட்டங்கள் ஃபிலிம் கேமராவைத் தேடி எடுக்கிறார்கள். தாத்தா வைத்திருந்த யாஷிகா, மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பென்டாக்ஸ், மூடிப்போன ஸ்டூடியோவில் சல்லிசாகக் கிடைத்த ஜெனிட். எடுத்து அமுக்கிப் பார்ப்பார்கள். ஒன்று, ஓடாது. இல்லாவிட்டால் ஓடுகிற மாதிரி ஓடி, படம் வெளுத்து வரும். உடனே இரண்டு தீர்ப்புகளில் ஒன்று விழும். "கெட்டுப் போச்சு, காயலான் கடையில போடு" என்பது ஒன்று. இன்னொன்று இதைவிட மோசம்: "நாலு சொட்டு எண்ணெய விட்டுப் பாருங்க அண்ணாச்சி, சரியாயிரும்லா."

நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. பாளையங்கோட்டையில் வீட்டு மேஜையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு ஆசைக்குப் பிரித்துப் பார்க்கிறவன். ஆனால் கெட்டுப்போன கேமராவைவிட, எண்ணெய் விட்டுக் கெடுத்த கேமராவை அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த நாலு சொட்டு ஏன் ஆகாது என்பது புரிந்தால் பழைய கேமராவின் கோளாறுகளில் பாதி புரிந்த மாதிரி.

மடையும் வயலும்

முதலில் கேமரா என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். தெரிந்தவர்கள் அடுத்த தலைப்புக்குத் தாண்டிப் போகலாம்.

குளத்து மடையை நினைத்துக்கொள்ளுங்கள். வயலுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: மடை எவ்வளவு அகலம் திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது. கேமராவில் தண்ணீருக்குப் பதில் வெளிச்சம், வயலுக்குப் பதில் ஃபிலிம். வெளிச்சம் குறைந்தால் படம் இருளும், மிஞ்சினால் வெளுக்கும்.

நேரத்தைக் கவனித்துக்கொள்கிற கதவுக்குப் பெயர் ஷட்டர். ஒரு நொடி, அரை நொடி என்று தொடங்கி 1/500, 1/1000 நொடி வரை அது திறந்து மூடும். அகலத்தைக் கவனித்துக்கொள்வது அப்பர்ச்சர். லென்ஸுக்குள் வட்டமாக அடுக்கிய மெல்லிய உலோக இதழ்கள் சேர்ந்து குவிந்தும் விரிந்தும் துளையைச் சின்னதாக்கும், பெரிதாக்கும். லென்ஸ் வளையத்தில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எழுதியிருப்பது இந்தத் துளையின் கணக்கு, எஃப் எண் என்பார்கள். எண் கூடக் கூடத் துளை சின்னதாகும். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகக் குறையும். இப்படி இரட்டிப்பதையோ பாதியாவதையோ ஒரு 'ஸ்டாப்' என்பார்கள். 1/60 நொடிக்குப் பதில் ஷட்டர் 1/30 நொடி திறந்திருந்தால் ஒரு ஸ்டாப் அதிகம்.

ஆக, பழைய கேமராவில் படம் வெளுத்து வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மடை அதிக நேரம் திறந்திருந்ததா, அதிக அகலம் திறந்திருந்ததா? ரீல் பழசு, கழுவினவர் சரியில்லை என்பதெல்லாம் அப்புறம்.

ஒரு நொடியை எண்ணுவது யார்?

மின்சாரமே இல்லாத கேமரா, ஒரு நொடியை எப்படி அளக்கிறது? சுவர்க் கடிகாரம் எப்படி அளக்கிறதோ அப்படித்தான்.

ஃபிலிமைச் சுற்றும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகுகிறது. பொத்தானை அமுக்கினால் ஸ்பிரிங் விடுபட்டு ஷட்டரைத் திறந்து மூடுகிறது. அந்த ஸ்பிரிங்கை அதன் போக்கில் விட்டால் கண் இமைப்பதற்குள் வேலையை முடித்துவிடும். வேகமான ஷட்டருக்கு அது போதும். மெதுவான வேகத்துக்கு யாராவது அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்காகவே தனியாக ஒரு சின்னப் பல்சக்கர வரிசை இருக்கிறது. கடைசிச் சக்கரத்தின் பற்களில் ஒரு கொக்கி மாறி மாறித் தட்டி, ஒவ்வொரு பல்லாக விடும். சாவி கொடுத்த பொம்மைக் கார் 'கிர்ர்ர்' என்று போகிறதே, அதே சத்தம் ஒரு நொடி வேகத்தில் கேமராவிலும் கேட்கும். இந்த வரிசையை இங்கே ஸ்லோ கியர் என்று சொல்லிக்கொள்வோம்.

ஸ்லோ கியர் ஷட்டரோடு கூடப் பிறந்தது இல்லை என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1925-இல் வந்த முதல் லைக்கா என்ற ஜெர்மன் கேமராவில் மெதுவான வேகங்களே கிடையாது. 1933-இல் வந்த லைக்கா 3-இல்தான் முகப்பில் தனியாக ஒரு சின்னச் சக்கரம் வைத்து ஒரு நொடி வரைக்கும் கொண்டுவந்தார்கள். சோவியத் யூனியனிலிருந்து வந்த ஜெனிட்-ஈ கேமராவை எடுத்துக்கொண்டால், அதன் வேகங்கள் 1/30-இல் தொடங்கி 1/500-இல் முடிகின்றன. 1/30-க்குக் கீழே எண்ணவே வேண்டாம் என்று அதைச் செய்தவர்கள் விட்டுவிட்டார்கள். அதனால்தானோ என்னவோ, நான் பார்த்த ஜெனிட்டுகள் முரட்டுத்தனமாக இருந்தாலும் எழுப்பினால் எழுந்துகொண்டன.

இப்போது கோளாறுக்கு வருவோம். ஸ்லோ கியரின் சக்கரங்கள் சுழலும் முனைகளில் ஊசி முனையளவு எண்ணெய் வைத்திருப்பார்கள். முப்பது வருஷத்தில் அதன் இலகுவான பகுதி போய்விடும். மிஞ்சுவது பிசின். ஸ்பிரிங்குக்கு அதே பலம்தான், எதிர்ப்பு மட்டும் கூடிவிட்டது. ஒரு நொடி என்று வைத்தால் மூன்று நொடி நிற்கும். 'கிர்ர்ர்' என்று தொடங்கி, நடுவில் தூங்கிப்போகும். ஆனால் 1/250, 1/500 இரண்டும் சரியாகவே ஓடும், ஏனென்றால் அங்கே ஸ்லோ கியருக்கு அவ்வளவாக வேலை இல்லை.

வேகமான ஷட்டர் நன்றாக இருந்து, மெதுவானது மட்டும் இழுத்தால் எதுவும் உடையவில்லை, பிசின் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சர்வீஸ் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

கதவு இரண்டு வகை

ஷட்டரிலேயே இரண்டு சாதி உண்டு. லென்ஸுக்குள்ளேயே இதழ்களாக இருந்து, பூ மாதிரி விரிந்து மூடுவது ஒன்று. ஸ்டூடியோக்காரர்கள் கழுத்தில் தொங்கவிட்டுக் குனிந்து பார்ப்பார்களே, அந்த இரட்டைக் கண் யாஷிகாவில் இருப்பது இதுதான். இது இதழ் ஷட்டர்.

இன்னொன்று திரை ஷட்டர். ஃபிலிமுக்கு முன்னால் இரண்டு திரைகள். முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே ஓடி மூடும். வேகமான ஷட்டரில் முதல் திரை முழுதும் ஓடி முடிப்பதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். அப்போது ஃபிலிமின் மேல் ஓடுவது இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கு மட்டும்தான். ரயில்வே கேட்டில் நிற்கும்போது சரக்கு ரயிலின் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே எதிர்ப்பக்கம் மின்னி மின்னித் தெரியுமே, அந்த மாதிரி. 1/1000 நொடியில் இந்த இடுக்கு சில மில்லிமீட்டர்தான்.

முதல் திரையின் உருளையில் பிசின் பிடித்து அது தயங்கினால், பின்னால் வரும் திரை அதை எட்டிப் பிடித்துவிடும். இடுக்கு வழியிலேயே மூடிக்கொள்ளும். படத்தின் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் கறுத்தும் வரும். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை தெரிந்து, பெண் இருளுக்குள் போயிருந்தால் போட்டோக்காரரைத் திட்டுவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நெய் போகும் வழி

இனி லென்ஸ். அல்வாக் கதை அப்படியே பொருந்துவது இங்கேதான்.

தூரத்துக்கும் பக்கத்துக்கும் தெளிவை மாற்ற ஒரு வளையத்தைத் திருகுகிறோம். உள்ளே மரை போட்ட குழல்கள் ஒன்றுக்குள் ஒன்று திருகி, கண்ணாடிகளை முன்னும் பின்னும் நகர்த்துகின்றன. இந்த மரைக் குழலுக்கு ஹெலிகாய்டு என்று பெயர். அது வழுவழுப்பாகத் திரும்புவதற்குக் காரணம் கிரீஸ்.

கிரீஸ் என்றால் தனியான ஒரு பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கிற சோப்பு. பஞ்சு தண்ணீரைப் பிடிப்பது போல, சோப்பின் நார் எண்ணெயைப் பிடித்திருக்கும். காலமும் சூடும் சேர்ந்தால் பிடி தளரும். எண்ணெய் கசிந்து ஊர்ந்து போகும், சோப்பு மட்டும் மரையில் காய்ந்து கிடக்கும். ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு: ஹெலிகாய்டு இறுகிப்போகிறது, கசிந்த எண்ணெய் அப்பர்ச்சர் இதழ்களில் போய்ப் படிகிறது. சில லென்ஸ்களில் அந்த எண்ணெயின் ஆவி உள் கண்ணாடிகளில் மூச்சு விட்ட மாதிரி மங்கலாகவும் படியும்.

சித்திரை வெயிலில் கான்கிரீட் தளத்துக்குக் கீழே உள்ள பரணில் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு, அந்த எண்ணெய் ஏன் நிற்கவில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதழில் எண்ணெய் பட்டால் என்ன ஆகிவிடும்? எஸ்.எல்.ஆர். கேமராவில், அதாவது எந்த லென்ஸ் வழியாகப் படம் எடுக்கிறோமோ அதே லென்ஸ் வழியாகவே நாமும் பார்க்கிற கேமராவில், நமக்கு வெளிச்சமாகத் தெரிவதற்காக அப்பர்ச்சர் எப்போதும் அகலத் திறந்தே இருக்கும். பொத்தானை அமுக்கிய பிறகுதான் இதழ்கள் 'சடக்'கென்று எஃப் 16-க்கோ எஃப் 11-க்கோ குவியும். அதற்குள்ள நேரம் இமைப்பொழுதுக்கும் குறைவு. எண்ணெயில் ஒட்டின இதழ் அதற்குள் குவிந்து முடிக்காது. பாதி வழியில் இருக்கும்போதே ஷட்டர் திறந்துவிடும்.

இதன் அடையாளம் வேடிக்கையாக இருக்கும். மேலப்பாளையம் சந்தையில் உச்சி வெயிலில் எடுத்த படமெல்லாம் வெளுத்துப்போயிருக்கும். அன்றைக்கே சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் எடுத்தது அருமையாக வந்திருக்கும். வெயிலில் துளையைச் சின்னதாக்க வேண்டியிருந்தது, இதழ் வரவில்லை. திண்ணையில் அகலத் திறந்தே எடுத்தோம், இதழுக்கு வேலையே இல்லை. "வெயில்ல மட்டும் இந்தக் கேமராவுக்கு ஆகாது" என்று ஒருவர் என்னிடம் நம்பிக்கையோடு சொன்னார். அவர் கண்டது சரி, காரணம்தான் வேறு.

அந்த நாலு சொட்டு

இப்போது எண்ணெய் வைத்தியத்துக்கு வருவோம். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டால் ஓடுகிறது, சைக்கிள் செயினுக்கு விட்டால் ஓடுகிறது, கேமராவுக்கு விட்டால் என்ன?

ஓட்டலில் கழுவி ஈரத்தோடு அடுக்கிய எவர்சில்வர் தட்டுகளைப் பிரித்திருக்கிறீர்களா? நடுவில் இருப்பது கொஞ்சூண்டு தண்ணீர்தான். ஆனால் இரண்டு வழவழப்பான பரப்புகளுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் அது வழுக்கவிடாது, பிடித்து இழுக்கும். காய்ந்த தட்டு தானாகக் கழன்று வரும். இதழ் ஷட்டரின் இதழ்களும் அப்பர்ச்சரின் இதழ்களும் தாள் மாதிரி மெல்லிசு, ஒன்றின் மேல் ஒன்று சறுக்குபவை. அவை முற்றிலும் காய்ந்திருந்தால்தான் ஓடும். அங்கே எண்ணெய்தான் நோய். மருந்து என்று நோயையே ஊற்றுகிறோம்.

ஸ்லோ கியரிலும் இதே கதை. புதிதாக விட்ட எண்ணெய் பழைய பிசினைக் கொஞ்சம் இளக்கும். அன்றைக்குக் கேமரா ஓடும், விட்டவருக்குப் பெருமை தாங்காது. இரண்டு மாதத்தில் அந்த எண்ணெய் ஊர்ந்து ஷட்டர் இதழுக்குப் போய்ச் சேரும். போகிற வழியில் தூசியைக் கூட்டிக்கொண்டு போகும். அதிலும் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். மார்கழியில் பாட்டிலில் உறைவதைப் பார்க்கிறோமே, அதே குணம் கேமராவுக்குள்ளும்தான். துரு நீக்கும் ஸ்பிரே அடிப்பவர்களும் உண்டு. அது மூலைமுடுக்கெல்லாம் பரவி, கண்ணாடியையும் சேர்த்து நனைத்துவிடும்.

மெக்கானிக் சர்வீஸ் என்று செய்வது இதற்கு நேர் எதிர். முதலில் எடுப்பார், அப்புறம்தான் வைப்பார். சிகரெட் லைட்டரில் ஊற்றுகிற திரவம் மாதிரி சட்டென்று ஆவியாகும் ஒன்றை வைத்துப் பழைய பிசினைக் கரைத்து எடுத்துவிடுவார். இதழ்களைக் காய்ந்த நிலைக்குக் கொண்டுவருவார். பிறகு சுழலும் முனைகளில் மட்டும், ஊசி முனையில் தொட்டு, கடிகார எண்ணெய். ஹெலிகாய்டுக்குப் புது கிரீஸ். கடைசியில் வேகங்களை அளந்து சரிபார்ப்பார்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: இழுக்கிற ஷட்டர், ஒட்டுகிற அப்பர்ச்சர், இறுகிய வளையம், உள்ளே மங்கல் என்று நான்கு கோளாறு நான்கு பெயரில் சொல்லப்படுகின்றன. நான்குக்கும் பெரும்பாலும் ஒரே காரணம், இடம் மாறிய எண்ணெய்.

சாரல் பக்கத்து நோய்

பாளையங்கோட்டைக் கேமராவுக்கு எண்ணெய் நோய் என்றால் தென்காசி, குற்றாலம், பாபநாசம் பக்கத்துக் கேமராவுக்குப் பூஞ்சை நோய். இது என் மேஜைக்கு வந்தவற்றை வைத்து நானே போட்ட கணக்கு, விதி இல்லை. ஆனால் காரணம் இருக்கிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற சாரல், ஐப்பசி, கார்த்திகை மழை என்று அங்கே இரண்டு ஈரக் காலம். பானையில் வைத்த கருப்பட்டி வேர்க்கிறது, கல்லிடைக்குறிச்சி அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமுத்துப்போகிறது. லென்ஸுக்கு மட்டும் விலக்கு உண்டா?

பூஞ்சையின் விதைத்தூள் காற்றில் எங்கும் இருக்கிறது. புது லென்ஸுக்குள்ளும் இருக்கும். முளைப்பதற்கு அதற்குத் தேவை ஈரம், இருட்டு, கொஞ்சம் சாப்பாடு. காற்றின் ஈரப்பதம் நீண்ட நாள் 60, 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் முளைத்துவிடும். தூசியும் விரல் பட்ட எண்ணெய்ப் பசையும் அதற்குச் சாப்பாடு. சிலந்தி வலை மாதிரி இழை இழையாகக் கண்ணாடியில் படரும். வளர வளர அமிலம் கசிந்து, முதலில் கண்ணாடி மேலுள்ள மெல்லிய பூச்சையும், கடைசியில் கண்ணாடியையும் அரிக்கும்.

இதில் இரண்டு தவறான நம்பிக்கை உண்டு. பூஞ்சை பட்ட லென்ஸ் குப்பை என்பது முதலாவது. ஆரம்பத்தில் கண்டால் துடைத்தே எடுத்துவிடலாம். அரித்துப்போயிருந்தாலும் சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில் வித்தியாசம் தெரிவது கஷ்டம். வெயிலுக்கு எதிராகத் திருப்பினால்தான் படம் வெளிறும். ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்கு அம்மை மாதிரி தொற்றிவிடும் என்பது இரண்டாவது. ஒரே பெட்டியில் இருந்த நான்கு லென்ஸுக்கும் வந்திருந்தால் குற்றவாளி அந்தப் பெட்டியின் ஈரம்.

அழகான தோல் உறை இருக்கிறதே, அதுதான் பூஞ்சையின் மாமியார் வீடு. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். உறையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, கேமராவை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீல நிற மணிகள் ஈரம் குடித்தால் வெளிறிய ரோஜா நிறமாகும். சட்டியில் மிதமான சூட்டில் வறுத்தால் திரும்ப நீலம். வறுத்த சட்டியில் சமைக்காதீர்கள், அந்த நிறத்துக்காகச் சேர்த்த கோபால்ட் உப்பு வயிற்றுக்கு ஆகாது. இதையெல்லாம்விட நல்ல வைத்தியம், வாரம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் நாலு தடவை அமுக்குவது.

வெள்ளம் வேறு விஷயம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு ஊருக்குள் வந்தபோது முங்கிப்போன கேமராக்கள் நிறைய. பலர் அரிசிக்குள் புதைத்து வைத்தார்கள். அரிசி தண்ணீரை மெதுவாக இழுக்கலாம், வண்டலை இழுக்காது. சேறு காய்ந்தால் பல்சக்கரத்துக்குள் சிமென்ட். நனைந்த கேமராவுக்கு பேட்டரியை உடனே கழற்றுவதும், துரு ஏறுவதற்குள் பிரித்துக் கழுவுவதும்தான் வழி. நாளைக் கடத்தினால் எந்த வழியும் இல்லை.

ஸ்பாஞ்சும் பேட்டரியும்

எண்ணெய்க்கும் ஈரப் பூஞ்சைக்கும் சம்பந்தமில்லாமல் இரண்டு கோளாறு உண்டு. இரண்டும் எளிது.

பின் கதவு மூடும் பள்ளத்தில் வெளிச்சம் புகாமலிருக்க ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள். பரணில் பத்து வருஷம் கிடந்த பழைய ஷூவை எடுத்துப் போட்டால் அடி பொடிப்பொடியாக உதிருமே, அதே ஜாதிப் பொருள்தான் இதுவும். காற்றின் ஈரத்தைக் குடித்துத் தானாகச் சிதைந்து, தார் மாதிரி ஒட்டும். படத்தின் ஓரத்தில் சிவப்பாக, ஆரஞ்சாகத் தீற்றல் வந்தால் பெரும்பாலும் இதுதான். மரக் குச்சியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டினால் போதும். புதிதாகக் கற்பவர்கள் கை வைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. சுரண்டிய துணுக்கு ஷட்டர் திரையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி விஷயத்தில் ஒரு ஒப்பீடு. பென்டாக்ஸ் கே1000, கேனன் ஏ.ஈ.-1 இரண்டும் 1976-இல் வந்தவை. பென்டாக்ஸில் பேட்டரி, வெளிச்சத்தை அளந்து சொல்கிற வெளிச்சமானிக்கு மட்டும்தான், அது இல்லாமலும் ஷட்டர் ஓடும். கேனனில் ஷட்டரையே மின்சாரம்தான் நடத்துகிறது, பேட்டரி இல்லாவிட்டால் அசையாது. "செத்துப்போச்சு" என்று வந்த ஏ.ஈ.-1 ஒன்றுக்குப் புது 6 வோல்ட் பேட்டரி போட்டதும் எழுந்து உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு. பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்தால் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடையுங்கள். கசிந்திருப்பது காரம், புளிப்பு அதை முறிக்கும்.

அதற்கு முந்திய தலைமுறைக் கேமராக்கள், உதாரணமாக 1966-இல் வந்த மினோல்டா எஸ்.ஆர்.டி. 101, பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது 1.35 வோல்ட், கடைசிவரை குறையாது. பாதரசம் நஞ்சு என்று அதை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் வெளிச்சமானி வெளிச்சம் அதிகம் என்று பொய் சொல்லும், அதை நம்பி எடுத்தால் படம் இருண்டுவிடும். காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 எண் பேட்டரி 1.4 வோல்ட், கிட்டத்தட்ட சரியாக வரும். மருந்துக் கடையிலேயே கேட்டுப் பாருங்கள்.

கையில் வந்ததும் என்ன பார்க்க வேண்டும்

திருப்புளியைத் தொடாமலே நிறையக் கண்டுபிடிக்கலாம். பின் கதவைத் திறந்து, லென்ஸை ஜன்னல் பக்கம் காட்டி, ஒவ்வொரு வேகத்திலும் அமுக்குங்கள். உங்கள் போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால், பின்பக்கமிருந்து ஷட்டரை அதில் பதிவு செய்யுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் படங்களை எண்ணினால் கணக்கு வந்துவிடும். 1/8 நொடிக்கு 30 படம், 1/15-க்கு 16, 1/30-க்கு 8. முப்பது வர வேண்டிய இடத்தில் அறுபது வந்தால் ஒரு ஸ்டாப் அதிகம். நெகட்டிவ் ஃபிலிம் ஒரு ஸ்டாப் அதிக வெளிச்சத்தைச் சிரித்துக்கொண்டே தாங்கும். எங்கள் பெரியப்பா ஸ்டூடியோவில் ஊட்டியில் தயாரான 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிமைப் போட்டு, தட்டுத்தடுமாறி ஓடிய ஷட்டரிலேயே வருஷக்கணக்கில் பாஸ்போர்ட் படம் எடுத்துத் தள்ளினார். பாசிட்டிவ் ஸ்லைடு ஃபிலிம் அரை ஸ்டாப்பைக்கூட மன்னிக்காது.

பழைய இதழ் ஷட்டர் கேமராவில் செல்ஃப் டைமர் நெம்புகோலை மட்டும் ஆசைக்குக்கூட இழுக்காதீர்கள். அதிலும் ஒரு பல்சக்கர வரிசை உண்டு. அது பாதியில் நின்றுவிட்டால் ஷட்டரும் கூடவே மாட்டிக்கொள்ளும்.

லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தூசி தெரியும், அதை மறந்துவிடுங்கள். எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் வராது. இழையாகத் தெரிந்தால் பூஞ்சை, புகை மாதிரி இருந்தால் எண்ணெய் ஆவி. அப்பர்ச்சர் நெம்புகோலை விரலால் தள்ளி விடுங்கள். இதழ்கள் தயங்காமல் துள்ளித் திரும்ப வேண்டும். மினுமினுப்பு தெரிந்தால் அது எண்ணெய்.

பிரிக்கத்தான் வேண்டும் என்று கை அரித்தால் மூன்று எச்சரிக்கை சொல்கிறேன். ஜப்பானியக் கேமராவின் ஸ்டார் திருகாணிகள், நம் கடையில் கிடைக்கும் ஸ்டார் திருப்புளிக்கு அளவாகச் செய்தவை இல்லை. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், திருகினால் தலை மழுங்கும். ஜப்பான் அளவு முனை கேட்டு வாங்குங்கள். ஹெலிகாய்டைக் கழற்றினால், அது எந்த இடத்தில் விட்டு வருகிறதோ அங்கே கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதில் ஒரு மரை இல்லை, பக்கத்தில் பக்கத்தில் பல மரைகள். தவறான வாயில் ஏற்றினாலும் சமர்த்தாக ஏறும், ஆனால் தூரத்து மலை தெளிவாக வராது. கோடு போடாமல் கழற்றிய என் முதல் லென்ஸோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். மூன்றாவது, உள்ளேயே ஃபிளாஷ் வைத்த சின்னக் கேமராக்களைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். பேட்டரியை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை நிற்கலாம்.

வெயில் ஆற்றும் ஒரு கோளாறு

கடைசியாக ஒரு வேடிக்கையான நோய். பென்டாக்ஸ்காரர்கள் செய்த பழைய டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் வைத்திருப்பவர்கள், கண்ணாடி தேநீர் நிறத்துக்கு மஞ்சளாகிவிட்டது என்று கொண்டுவருவார்கள். துடைத்தால் போகாது, ஏனென்றால் அது அழுக்கே இல்லை. அந்தக் காலத்தில் கண்ணாடியின் ஒளி வளைக்கும் சக்தியைக் கூட்ட தோரியம் சேர்த்தார்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறதே, அதே தோரியம்தான். அதன் மெல்லிய கதிர்வீச்சு வருஷக்கணக்கில் அந்தக் கண்ணாடியையே பழுப்பாக்குகிறது. உடைத்துப் பொடியாக்காமல் வைத்திருக்கிறவரை பயப்பட ஒன்றுமில்லை.

மருந்து, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். நமக்கு அதில் பஞ்சமில்லை. இரண்டு பக்க மூடியையும் கழற்றி, அடியில் சமையல் அலுமினியத் தாளை விரித்து, லென்ஸை மொட்டைமாடியில் வையுங்கள். சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் மஞ்சள் வெளுத்துவிடும். காகிதம், துணி எதுவும் பக்கத்தில் வேண்டாம், லென்ஸ் வெயிலைக் குவித்துப் பற்றவைத்துவிடும். ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை வைத்து எடுத்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் நம் ஊர் மாடித் தரை கொதிக்கும். மஞ்சள் போகிற அவசரத்தில் ஹெலிகாய்டின் கிரீஸ் இளகி, எண்ணெய் கிளம்பி இதழுக்கு வந்துவிடும்.